தங்கச்சியோட ரஃப் நோட்டும் கொஞ்சம் வரலாறும்

ரொம்ப நாளா பாதியில கிடந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் லேட்டு. பொட்டி தட்டுறவனுக்கும் நர்சிங்குக்கும் என்னவே சம்பந்தம்னு கேட்பீங்க. சம்பந்தம் என் ஆச்சி. நடுவுல கொஞ்சம் கொசுவத்தி சுத்துவேன், பொறுத்துக்கிடுங்க.

ஆச்சிக்கு இருபது வருசமா சர்க்கரை. ரெண்டு வருசம் முன்னால ஒருநாள் காலைல காப்பி டம்ளரைத் தூக்க முடியல. பக்கவாதம், வலது பக்கம். ஆஸ்பத்திரில (பேரு வேண்டாம்) பதினோரு நாள் வச்சுட்டு அனுப்பிட்டாங்க. கையில குடுத்த தாள்ல எட்டு மாத்திரை பேரு இருந்துச்சு. அம்மாவும் சித்தியும் முறை வச்சுப் பார்த்துக்கிட்டாங்க. நான் சென்னைல இருந்து சனிக்கிழமை தோறும் பேட்டைக்கு வந்து "எப்படி இருக்கீங்க ஆச்சி"ன்னு கேட்டுட்டு, ஞாயித்துக்கிழமை ராத்திரி ரயிலேறிடுவேன். பாசக்காரப் பேரன்!

மூணாவது வாரம் இடுப்புக்குக் கீழ ஒரு சிவப்பு. அம்மா தேங்காயெண்ணெய் தடவி, பவுடர் போட்டாங்க. அடுத்த வாரம் அது புண்ணு. அப்போதான் சித்தி மக லீவுக்கு வந்தா. பி.எஸ்சி. நர்சிங் மூணாவது வருசம். புண்ணைப் பார்த்தா, மருந்து எதுவும் சொல்லல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"நேத்து ராத்திரி ஆச்சியை யாரு, எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வச்சீங்க?"

அம்மா சித்தியைப் பார்த்தாங்க, சித்தி அம்மாவைப் பார்த்தாங்க. "நீ திருப்பியிருப்பேன்னுலா நெனச்சேன்." அவ்வளவுதான். ரெண்டு பேரும் தூங்காம உழைச்சவங்க. ஒருத்தர் மேலயும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா எட்டு மணி நேரம் ஆச்சி ஒரே பக்கமா படுத்திருந்திருக்காங்க.

இந்தப் புள்ளையை நான் ஏற்கனவே ஓட்டியிருக்கேன். காலேஜ்ல நோட்டு நோட்டா ஸ்கேல் வச்சுக் கட்டம் போட்டு எழுதிக்கிட்டே இருக்கும். "ஏட்டி, நர்சு வேலைக்குப் படிக்கியா, கணக்குப்பிள்ளை வேலைக்குப் படிக்கியா"ன்னு கேட்டிருக்கேன். "கேர் பிளான் அண்ணே. ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதணும்"னு சொல்லும். அன்னைக்கு ராத்திரிதான் அந்த ரஃப் நோட்டை வாங்கி முழுசாப் படிச்சேன். பக்கவாதம், பிரசவம் முடிஞ்ச அம்மா, தீக்காயம், ஆஸ்துமாப் பையன்னு ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி. என்ன பிரச்சினை, எதை அடையணும், யார் என்ன செய்யணும், ஏன் செய்யணும், கடைசில என்ன ஆச்சு. நாங்க ஒரு பிராஜெக்டுக்கு எழுதுற டாக்குமெண்ட் மாதிரியே. வித்தியாசம் என்னன்னா, நாங்க எழுதுறதை யாரும் படிக்க மாட்டாங்க, படிக்காட்டியும் யாருக்கும் புண்ணு வராது.

இந்தக் கட்டத்தை மொதல்ல யார் போட்டாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். அங்க புடிச்ச பைத்தியம்தான் இந்தப் பதிவு.

ஆரம்பம் எல்லாருக்கும் தெரிஞ்ச ஆள்தான். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். ஸ்கூல் பாடத்துல கைவிளக்கை ஏந்திக்கிட்டு ஒரு அம்மா நடப்பாங்களே, அதே அம்மா. 1854 நவம்பர்ல 38 பெண்களோட ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனவங்க. குண்டடிபட்டுச் செத்தவங்களை விட, காய்ச்சல், காலரா, வயித்துப்போக்குன்னு செத்தவங்கதான் அதிகம்னு கணக்குப் போட்டு, 1858-ல படம் வரைஞ்சு காட்டினாங்க. லண்டன் புள்ளியியல் சங்கமும் அவங்களை உறுப்பினராச் சேர்த்துக்கிட்டது, அந்தச் சங்கத்துல மொத பெண். நம்ம பாடப்புத்தகம் விளக்கை மட்டும் வச்சுக்கிட்டு கணக்கு நோட்டை விட்டுட்டது.

அவங்க 1859-ல எழுதின நர்சிங் குறிப்புகள் புத்தகத்துல சின்னச் சின்ன நிர்வாகம் பத்தி ஒரு அத்தியாயம் இருக்கு. சாரம் இதுதான்: நீ இருக்கும்போது நீ எவ்வளவு நல்லாப் பார்த்துக்கிட்டாலும் பிரயோசனமில்ல, நீ இல்லாதப்பவும் அது நடக்குதான்னு பாரு. அதுக்கு ஏற்பாடு பண்ணத் தெரியலைன்னா நீ பொறுப்புல இருக்கேன்னு சொல்லிக்கிடாத. படிச்சதும் அம்மாவும் சித்தியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டது ஞாபகம் வந்துச்சு. எங்க வீட்டுல குறைஞ்சது பாசமோ, எண்ணெயோ இல்ல. இந்த ஏற்பாடுதான்.

நைட்டிங்கேல் இந்தியாவுக்கு வந்ததே இல்ல. ஆனாலும் 1865-ல இந்திய ஆஸ்பத்திரிகளுக்கு நர்சிங் ஏற்பாடு எப்படி இருக்கணும்னு தனியா எழுதியிருக்காங்க. 1871-ல சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரில நர்சு பயிற்சி ஆரம்பிச்சது. நம்ம வீட்டுப் பொண்ணுங்க அவ்வளவு சுலபமா வந்துடல. அடுத்தவங்க மலமூத்திரத்தைத் தொடுற வேலை, ராத்திரி வீட்டை விட்டு வெளிய இருக்குற வேலை. அதனால ரொம்ப நாள் வரைக்கும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களும்தான் பெரும்பாலும் இந்த வேலையைத் தூக்கிச் சுமந்தாங்க. வாய்க்கு வாய் சிஸ்டர்னு கூப்பிடுவோம், பொண்ணு கேட்டுப் போனா யோசிப்போம். அந்தக் கதையைத் தனியா எழுதணும்.

வேலூர். ஐடா ஸ்கடர் அம்மையார் பத்தி, திண்டிவனத்துல ஒரே ராத்திரில மூணு தடவை கதவு தட்டின கதை உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், அதனால விட்டுடுறேன். 1902-ல 40 படுக்கையோட ஆஸ்பத்திரி. மருத்துவப் பள்ளிக்கு (1918) முன்னாலயே, 1909-ல டெலியா ஹூட்டன்ங்கிற நர்சு அங்க நர்சிங் பள்ளி ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு டாக்டர் எத்தனை உயிரைக் காப்பாத்தினாலும் மிச்சம் 23 மணி நேரம் யாரோ பக்கத்துல இருக்கணும்ல. 1946-ல வேலூர்லயும் டெல்லிலயும் நாலு வருசப் பட்டப்படிப்பு. இதுல ஒரு முரண்: அதே 1946-லதான் போர் கமிட்டி அறிக்கை வந்தது. (சண்டைப் போர் இல்ல மக்களே, சர் ஜோசப் போர்.) நாடு முழுக்க நர்சுங்க சுமார் 7,000 பேர்தான், 43,000 பேருக்கு ஒருத்தர்னு அதுல கணக்கு. 43,000 பேருக்கு ஒரு நர்சு இருக்குற நாட்டுல ஒவ்வொரு நோயாளிக்கும் தனித் திட்டமாம்! சிரிக்கத் தோணும். ஆனா எங்கயாவது ஆரம்பிக்கணும்ல.

சரி, கட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவுல வார்டுல கார்டெக்ஸ்னு ஒண்ணு வச்சிருந்தாங்க. மருத்துவத்துக்குன்னு பண்ணதில்ல, கம்பெனிகள்ல ஃபைல் அடுக்குறதுக்கு வந்த அட்டை முறை. ஒரு நோயாளிக்கு ஒரு அட்டை: சாப்பாடு, குளியல், நடை, கட்டு மாத்துறதுன்னு. பென்சில்ல எழுதி, மாறினா ரப்பர் வச்சு அழிச்சு மறுபடி எழுதுவாங்க. அதாவது வெர்ஷன் கன்ட்ரோலே கிடையாது! நேத்து என்ன பிளான், ஏன் மாத்தினாங்கன்னு கேட்டா ரப்பர் தூள்தான் பதில்.

1955-ல லிடியா ஹால்ங்கிறவங்க நர்சிங்கிறது தனித்தனி வேலைகளோட பட்டியல் இல்ல, அது ஒரு தொடர் செயல்முறைன்னு பேசினாங்க. 1961-ல ஐடா ஜீன் ஒர்லாண்டோ எழுதின புத்தகம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. அவங்க நர்சும் நோயாளியும் பேசுற, பழகுற சுமார் 2,000 சந்தர்ப்பங்களைக் குறிச்சு வச்சு, எது நல்ல நர்சிங், எது மோசம்னு பிரிச்சுப் பார்த்தாங்க. கண்டுபிடிச்சது ரொம்ப எளிமை: நர்சு தானா ஊகிச்சு வேலையை முடிச்சா மோசம், "நான் இப்படி நெனைக்கேன், சரியா"ன்னு நோயாளிகிட்டயே கேட்டுட்டுச் செஞ்சா நல்லது. 1967-ல யூரா, வால்ஷ்னு ரெண்டு பேர் அதை நாலு படியா எழுதினாங்க. பாரு, திட்டமிடு, செய், பலிச்சுதான்னு மறுபடி பாரு. 1973-ல செயின்ட் லூயிஸ்ல நர்சுங்க கூடி, டாக்டர் சொல்ற நோய் பேரு வேற, நர்சு கண்டுபிடிக்கிற பிரச்சினை வேறன்னு தனிப்பட்டியல் போட ஆரம்பிச்சாங்க. டாக்டருக்கு ஆச்சி ஒரு 'பக்கவாதம்'. நர்சுக்கு ஆச்சி 'தானாப் புரள முடியாதவங்க, முழுங்கும்போது புரையேற வாய்ப்பு இருக்கு, சொல்ல வந்த வார்த்தை வரலைன்னு கோபப்படுறவங்க'. ஒரே ஆச்சிதான்.

இதுல புண்ணு விஷயம் தனிக்கதை. 1944-ல இங்கிலாந்துல ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரில லுட்விக் குட்மன், முதுகுத்தண்டு ஒடிஞ்ச சிப்பாய்களுக்குன்னு ஒரு பிரிவு ஆரம்பிச்சார். அதுவரைக்கும் அப்படி அடிபட்டவங்க பெரும்பாலும் படுக்கைப் புண்ணாலயும் மூத்திரக் கிருமியாலயும் செத்துக்கிட்டிருந்தாங்க. அவர் புது மருந்து எதையும் கொண்டு வரல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா, ராப்பகலா, ஆள் மாத்தி ஆள் புரட்டிப் படுக்க வச்சாங்க. (1948-ல அதே ஆஸ்பத்திரி மைதானத்துல நடத்தின விளையாட்டுப் போட்டிதான் இன்னைக்குப் பாராலிம்பிக்ஸ்.) 1962-ல டோரின் நார்ட்டன்ங்கிற ஆங்கில நர்சு வயசானவங்க வார்டை ஆராய்ஞ்சு ரெண்டு விஷயம் சொன்னாங்க. ஒண்ணு, தடவுற களிம்பு எதுங்கிறது பெரிய விஷயமில்ல, அழுத்தத்தை எடுக்குறதுதான் விஷயம். ரெண்டு, புண்ணு வரப்போகுதான்னு வரதுக்கு முன்னாலயே கணக்குப் போடலாம்: உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், புரளுற திறன், கழிவுக் கட்டுப்பாடுன்னு அஞ்சு தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் 4 வரைக்கும் மார்க். மொத்தம் 14 அல்லது அதுக்குக் கீழன்னா ஆபத்து. தங்கச்சி ஆச்சிக்குப் போட்ட மார்க் 11. அம்மா ஆஸ்பத்திரில இருந்து வந்த அன்னைக்கே போட்டிருக்கலாம், எண்ணெய் பாட்டில் மிச்சமாயிருக்கும்.

வேலூருக்கே திரும்பினா மேரி வர்கீஸ். கேரளத்துல பிறந்து வேலூர்ல படிச்ச டாக்டர். 1954-ல கார் விபத்து, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. சர்க்கர நாற்காலில உட்கார்ந்தே தொழுநோயாளிகளோட மடங்கிப்போன விரலை நிமிர்த்துற ஆபரேஷன் பண்ணாங்க. அப்புறம் நியூயார்க்ல ஹோவர்டு ரஸ்க்கிட்ட மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து, 1966-ல வேலூர்ல முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கான மறுவாழ்வு நிலையம் திறந்தாங்க. நோயாளிக்குத் திட்டம் எழுதுற டாக்டரே, தன்னையும் யாராச்சும் புரட்டிப் போடணும்னு படுத்துக் கிடந்தவங்க. அந்த மாதிரி ஆள் எழுதுற பிளான்ல ஒரு வரியாச்சும் சும்மா இருக்குமா?

இப்போ எனக்கு முக்கியமாப் பட்ட இடம். மேல சொன்ன கட்டம் எல்லாத்துலயும் செய்யுற ஆள்னு போட்டிருக்குறது நர்சு. நம்ம ஊர்ல? ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு (நம்ம பாளையங்கோட்டை மெடிக்கல் காலேஜ்தான், 1965-ல ஆரம்பிச்சது) யாராச்சும் போயிருந்தா தெரியும். கட்டில்ல ஒருத்தர், கட்டிலுக்குக் கீழ பாயைப் போட்டு ஒருத்தர். ஃபிளாஸ்க், வாளி, சாப்பாட்டுத் தூக்கு எல்லாத்தோடயும். ஊட்டுறது, துடைக்கிறது, திருப்பிப் படுக்க வைக்கிறது அந்தப் பாயில படுத்தவங்கதான். இந்திய நர்சிங் கவுன்சில் போட்ட கணக்குப்படி போதனா ஆஸ்பத்திரில 3 நோயாளிக்கு ஒரு நர்சு, மத்த ஆஸ்பத்திரில 5 பேருக்கு ஒரு நர்சு. எந்த அரசு வார்டுலயாவது ராத்திரி ஷிப்ட்டுல நின்னு எண்ணிப் பாருங்க. அந்த நர்சு ஊசி போட்டு, சலைன் மாத்தி, ரிஜிஸ்டர் எழுதி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும். அதனால கேர் பிளான்ங்கிறது மாணவிங்க மார்க்குக்காக இங்கிலீஷ்ல எழுதி டீச்சர்கிட்ட கையெழுத்து வாங்குற சமாச்சாரமா நின்னுபோச்சு. பாயில இருக்குற அம்மாவுக்கு அப்படி ஒரு தாள் இருக்குறதே தெரியாது. தங்கச்சியே ஒத்துக்கிட்டா: "அண்ணே, நான் அறுபது பிளான் எழுதியிருக்கேன். ஒண்ணைக்கூட அந்த ஆளுக வீட்டுல படிச்சுக் காட்டினதில்ல."

ஆனா வேற மாதிரியும் நம்மூர்ல நடந்திருக்கு, அதுதான் ஆச்சரியம். 1956-ல சென்னைல காசநோய் மருந்து ஆய்வு மையம் ஆரம்பிச்சாங்க. அப்போ டி.பி.க்கு வைத்தியம்னா சானடோரியம்: நல்ல காத்து, ஓய்வு, பாலு, முட்டை. அத்தனை கட்டிலுக்கு இந்தியா எங்க போகும்? வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில 193 நோயாளிங்களைக் குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சு, பாதிப்பேரை சானடோரியத்துலயும் மீதிப்பேரை அவங்கவங்க வீட்டுலயும் வச்சு ஒரு வருசம் ஒரே மருந்து குடுத்தாங்க. வீடுன்னா சென்னையோட ஏழை வீடுங்க. ஒரே அறைல மொத்தக் குடும்பம், போதாத சாப்பாடு, உடம்பு கொஞ்சம் தேறினதும் வேலைக்குப் போயிடுவாங்க. 1959-ல முடிவு வந்தது: வீட்டுல இருந்தவங்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானாங்க. கூட இருந்த குடும்பத்துக்கும் அதனால அதிகம் நோய் பரவல. உலகம் முழுக்க சானடோரியம் மூடினதுக்கு இந்த மதராஸ் ஆய்வு ஒரு பெரிய காரணம்.

இதை மாத்திரையோட வெற்றின்னு எழுதுவாங்க. சரிதான். ஆனா மாத்திரை தானா வாய்க்குள்ள போகாதே. வீடு வீடாப் போனாங்க, சொல்லாமக் கொள்ளாமப் போய் மாத்திரையை எண்ணினாங்க, மூத்திரத்தைச் சோதிச்சாங்க, வராதவங்களைத் தேடிப் பிடிச்சாங்க, வீட்டுக்காரங்ககிட்ட விளக்கிச் சொன்னாங்க. யாரு, எப்போ, எதைப் பார்க்கணும்னு எழுதி வச்ச திட்டம் ஆஸ்பத்திரி சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ள போச்சு.

இன்னொண்ணு மனநலம். 1950-கள்ல அமிர்தசரஸ்ல டாக்டர் வித்யா சாகர் ஆஸ்பத்திரி வளாகத்துல கூடாரம் அடிச்சு நோயாளியோட குடும்பத்தையும் கூடவே தங்க வச்சார். வேலூர் பாகாயத்துல 1957-ல ஆரம்பிச்ச மனநல மையமும் குடும்பத்துல ஒருத்தர் கூடவே தங்கணும்கிறதை முறையாவே வச்சுக்கிட்டது. நம்ம ஊர்ல சொந்தக்காரங்களைத் தொந்தரவுன்னு நினைக்காம, பயிற்சி குடுக்கவேண்டிய ஆளா நெனைச்ச இடங்கள் இவை. அப்புறம் 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோட, படுத்த படுக்கையா இருக்குறவங்களுக்கு நர்சும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருவாங்கன்னு திட்டம். அரசியல் பேசல, ஆனா யோசனை சரியான இடத்துல இருந்து ஆரம்பிக்குது. நர்சு வந்துட்டுப் போன பிறகு மிச்ச நேரத்துக்கு அந்த வீட்டுல ஒரு தாள் இருக்கான்னுதான் நான் பார்ப்பேன்.

எங்க வீட்டுத் தாளுக்கு வர்றேன். மறுநாள் காலைல தங்கச்சி பழைய மாசக் காலண்டரைக் கிழிச்சு, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால தமிழ்ல கட்டம் போட்டா. இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம், பக்கத்துல திருப்பினவங்க கையெழுத்து. கீழ: உட்கார வச்சுதான் ஊட்டணும், ஊட்டினப்புறம் அரை மணி நேரம் படுக்க வைக்கக்கூடாது. தினம் ஒருக்கா ரெண்டு பாதத்தையும் பார்க்கணும், விரலிடுக்கையும் சேர்த்து (சர்க்கரைக் காலு, முள்ளு குத்தினாலும் தெரியாது). வாரத்துக்கு ஒருக்கா புண்ணை நூல் வச்சு அளந்து நூலை ஒட்டி வைக்கணும். வலது பக்கம் இருந்து பேசாதீங்க, ஆச்சிக்கு அந்தப் பக்கம் சரியாத் தெரியல. இதை ஆஸ்பத்திரில ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லல. ஆச்சி எங்களைக் கண்டுக்கிடாம இருக்காங்கன்னு அம்மா அழுதுக்கிட்டிருந்தாங்க.

ஒர்லாண்டோ அம்மாவைப் படிச்சுட்டு நான் புத்திசாலித்தனமா ஒண்ணு சொன்னேன்: ஆச்சிகிட்டயே கேட்போம். தங்கச்சி ஏற்கனவே கேட்டிருந்தா. ராத்திரி ஒரு மணிக்கு மட்டும் எழுப்பாதீங்க, அப்போதான் கண்ணு அசருதுன்னு ஆச்சி சைகைல சொல்லியிருக்காங்க. அதனால ராத்திரிக் கட்டத்தை ரெண்டரை மணிக்கு நகர்த்திட்டு, தலைகாணியை வேற மாதிரி முட்டுக்குடுத்திருக்கா.

சனி, ஞாயிறு ராத்திரிக் கட்டம் எனக்கு. மொத நாள் அலாரம் அடிச்சும் எந்திரிக்கல. ஒரு கட்டம் காலியாக் கிடந்தது. காலைல அந்தக் காலிக் கட்டம் சுவர்ல எல்லாரும் பார்க்கத் தொங்குது. ஆபீஸ்ல எத்தனையோ டெட்லைன் விட்டிருக்கேன், அப்படி ஒரு வெட்கம் வந்ததில்ல. அதுக்கப்புறம் ராத்திரி ரயிலை விட்டுட்டு திங்கக்கிழமை ரயிலுக்கு மாத்திக்கிட்டேன். மேனேஜர் மொறைச்சார்.

புண்ணு ஆற மூணு மாசம் ஆச்சு. ஆச்சி அதுக்கப்புறம் பதினாலு மாசம் இருந்தாங்க, வேற புண்ணு வரல. காலண்டர் தாள் மொத்தத்தையும் அம்மா ஒரு மஞ்சப்பையில போட்டு வச்சிருக்காங்க. போன தீபாவளிக்கு எடுத்துப் பார்த்தேன். நூல் துண்டுங்க வரிசையா சின்னதாகிக்கிட்டே போகுது. கட்டத்துக்கு வெளிய ஓரத்துல அம்மா தன் கையெழுத்துல சேர்த்திருக்காங்க: "சாயங்காலம் காப்பி கேட்டா சீனி இல்லாம குடு. சீனி போட்டாச்சுன்னு சொல்லு."